பரிசாகக் கொடுக்க ஒரு பாட்டில் பருப்புப் பொடி

வெளியூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் தம்பிக்கோ தோழிக்கோ இதைவிட உதவும் பரிசு குறைவு. துவரம்பருப்பு 1 கப், பொட்டுக்கடலை கால் கப், காய்ந்த மிளகாய் 6, மிளகு 1 டீஸ்பூன், பெருங்காயத்தூள் கால் டீஸ்பூன், தேவையான உப்பு.

பருப்பை எண்ணெய் விடாமல் சிறுதீயில் சிவக்க வறுக்கவும். தீ கூடினால் மேலே கருகி, உள்ளே பச்சை வாசனை நிற்கும். மிளகாய், மிளகைத் தனியாக வறுக்கவும். பொட்டுக்கடலைக்குச் சூடு காட்டினால் போதும். எல்லாம் நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் பொடி வேர்த்துக் கட்டியாகி, சீக்கிரம் கெடும். பூண்டு மணக்கும்தான், ஆனால் ஈரம் சேரும். பல நாள் இருக்க வேண்டிய பொடிக்கு வேண்டாம்.

வெயிலில் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் நிரப்பி, அரைத்த தேதியையும் ‘சூடான சாதம், நல்லெண்ணெயுடன்’ என்பதையும் உங்கள் கையெழுத்திலேயே எழுதி ஒட்டுங்கள்.