முப்பத்திரண்டாயிரம் ரூபாய் வேக்குவம் கிளீனரும் நூறு ரூபாய் வாரியலும்: விலை பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் புது வீடு கட்டிக் குடியேறிய என் மதினி, நின்றவாக்கில் தள்ளிக்கொண்டு போகும் அப்ரைட் வகை வேக்குவம் கிளீனர் ஒன்றை 32,000 ரூபாய்க்கு வாங்கலாமா என்று கேட்டதும், அந்த வீட்டுப் பட்டாசலில், அதாவது கூடத்தில், இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. நூறு ரூபாய் வாரியல் செய்கிற வேலைக்கு இத்தனை பணமா என்பது என் அம்மாவின் கட்சி. வாங்கினால் நல்லதாக வாங்க வேண்டும், ஏழாயிரத்துக்குக் கிடைப்பதெல்லாம் ஒரு வருடத்தில் மூலையில்தான் கிடக்கும் என்பது அண்ணனின் கட்சி. ஒரு மணி நேரம் நடந்த அந்த விவாதத்தில், வீட்டின் தரை எது, அதில் விழுகிற தூசி எது என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த இயந்திரத்தின் விலையைப் பற்றி நம் ஊரில் நடக்கும் பெரும்பாலான வாதங்கள் தடம் மாறுவது இந்த இடத்தில்தான்.

அப்ரைட் வகை எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் விலையின் நியாயம் பாதி விளங்கிவிடும். 1901இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் உருவாக்கிய முதல் உறிஞ்சும் இயந்திரம் குதிரை வண்டியில் தெருவில் வந்து நிற்கும். அதிலிருந்து நீளமான குழாய்களைச் சன்னல் வழியே வீட்டுக்குள் கொண்டுபோவார்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு கடையில் துப்புரவுப் பணி செய்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்க்ளர் என்பவர், தூசியால் மூச்சிரைப்பு அதிகமாகவே, மின்விசிறி மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றை ஒன்றுசேர்த்து ஒரு கருவி செய்தார். 1908இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஹூவர் குடும்பத்தார் அதை வாங்கிப் பெருந்தொழிலாக்கினர். அந்தக் கருவியின் உயிர் அதன் வாயில் சுழலும் தூரிகையில் இருந்தது. தரையில் விரிக்கப்பட்ட கம்பளத்தைத் துழாவி, அதன் இழைகளுக்குள் புதைந்த அழுக்கை மேலே கொண்டுவருவதற்காக அமைந்த தூரிகை அது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அப்ரைட் வகை வீட்டுக்கு வீடு நின்றதற்கு அந்தக் கம்பளமே காரணம்.

நம் வீடுகளில் அந்தக் கம்பளம் இல்லை. பழைய வீடுகளில் காவி பூசிய சிமெண்ட் தரையும் மொசைக்கும், புது வீடுகளில் வழுவழுப்பான டைல்ஸும்தான் இருக்கின்றன. கம்பளத்துக்கான கெட்டித் தூரிகை டைல்ஸின்மீது வேகமாகச் சுழலும்போது, மணலை உறிஞ்சுவதற்கு முன்பே அதில் ஒரு பகுதியைப் பின்பக்கமாகவும் பக்கவாட்டிலும் வீசியடிக்கிறது. சில மாடல்களில் தூரிகையை மட்டும் நிறுத்தி வைக்கத் தனிச் சுவிட்ச் உண்டு. சிலவற்றில் கடினத் தரைக்கென்று மெத்தென்ற துணி உருளை கொடுப்பார்கள். இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லாத அப்ரைட்டை வாங்குகிறவர், தனக்கு ஒருநாளும் பயன்படாத ஒரு உறுப்புக்கும் அதைச் சுழற்றும் ஏற்பாட்டுக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார். கம்பளத்துக்கு மாற்றாகப் பத்தமடைப் பாய் இருக்கிறதே என்று நினைத்துவிடவும் வேண்டாம். சுழலும் தூரிகையைக் கோரைப்பாயின்மீது ஓட்டினால் கோரை பிசிறு பிசிறாக எழும்பிவிடும். அதற்குத் தூரிகை இல்லாத வெறும் வாய்தான் ஏற்றது.

தரைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது தூசியின் தன்மை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று இறங்கும்போது, தென்காசிப் பக்கம் சாரலாக இருப்பது கிழக்கே வரவரப் புழுதியாகிவிடுகிறது. திசையன்விளை, சாத்தான்குளம் வட்டாரத்துத் தேரி மணல் சிவப்பாகவும் நயமாகவும் இருக்கும். சன்னல் இடுக்கு வழியே வந்து பீரோவுக்குள் மடித்து வைத்த சேலைமீதும் படியும். பீடி சுற்றும் வீடுகளில் இலைத் தூளும் புகையிலைத் தூளும் சேர்ந்துகொள்கின்றன. இவ்வளவு நயமான தூசி உறிஞ்சும் வலிமைக்குச் சவாலே அல்ல, எந்தச் சிறிய மோட்டாரும் அதை இழுத்துவிடும்; திணறுவது வடிகட்டிதான். ஆகையால் நெல்லைச் சீமையில் விலை கொடுக்க வேண்டியது அகலமான, கழுவக்கூடிய, கடையில் தனியாகக் கிடைக்கிற வடிகட்டிக்கே தவிர, பெட்டியின்மீது பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்குக்கு அல்ல.

அந்த வாட் கணக்கை நம்பி மதிப்பிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. 1,600 வாட் என்பது இயந்திரம் எவ்வளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதைச் சொல்கிறதே ஒழிய, எவ்வளவு தூசியை எடுக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் வீட்டு வேக்குவம் கிளீனர்களுக்கு 1,600 வாட் என்று உச்சவரம்பு விதித்தது, 2017இல் அதை 900 வாட்டாகக் குறைத்தது. அதற்குப் பிறகும் அங்கே வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன, ஏனென்றால் உற்பத்தியாளர்கள் காற்றுப் பாதையையும் வாயின் அமைப்பையும் திருத்திக்கொண்டார்கள். அதே ஒன்றியம் கொண்டுவந்த மின்சிக்கன முத்திரையை 2018இல் அங்குள்ள நீதிமன்றம் ரத்து செய்ததும் கவனிக்கத்தக்கது: தூசி சேராத காலி இயந்திரத்தை வைத்துச் சோதித்ததே வழக்கின் மையம். கடையில் நமக்கு ஓட்டிக் காட்டப்படுவதும் காலி இயந்திரம்தான்.

இழுவிசையைச் சொல்லும் அலகான பாஸ்கல் கணக்கும் இப்படியே. இருபதாயிரம், முப்பதாயிரம் பாஸ்கல் என்று விளம்பரத்தில் வரும் எண், பெரும்பாலும் வாயை முழுதாக அடைத்து, காற்றே ஓடாத நிலையில் அளந்த இழுவிசை. தூசியைத் தூக்கிச் செல்வது ஓடுகிற காற்று. இழுவிசையும் காற்றோட்டமும் சேர்ந்த கணக்கைத்தான் ஏர் வாட் என்கிறார்கள். அந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள், பல விற்பனையாளர்கள் பேச்சை மாற்றுவார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உறிஞ்சுகுழாயை அடைத்தால் மோட்டாரின் சத்தம் கிரீச்சென்று உயர்வதை, இயந்திரம் பலமாக வேலை செய்வதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். தள்ளுவதற்குக் காற்று இல்லாமல் சுமை குறைந்ததால்தான் மோட்டார் அப்படி வேகமெடுக்கிறது. அந்த நேரத்தில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றும் நின்றுபோவதால், அடைப்போடு தொடர்ந்து ஓட்டுவது அதைக் கருக்கிவிடும்.

இந்தப் பாடத்தை நான் செலவு செய்தே படித்தேன். மார்கழி மாதத்தில் வாசலில் மீந்த கோலப்பொடியைத் தார்சா என்னும் தாழ்வாரத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று கம்பியில்லாத, கோல்போல் ஒல்லியான ஸ்டிக் வகை ஒன்றை ஓட்டினேன். இரண்டே நிமிடத்தில் வடிகட்டி மாவு பூசிய அப்பளம்போல் அடைத்துக்கொண்டது. அதைக் கழுவி, அரைகுறையாகக் காய்ந்த நிலையில் மாட்டி மறுபடி ஓட்டியது என் இரண்டாவது தவறு. ஈரமும் பொடியும் சேர்ந்து சிமெண்டாக இறுகிவிட, புது வடிகட்டி வரும்வரை பதினெட்டு நாள் காத்திருந்தேன். கழுவிய வடிகட்டி நிழலில் ஒரு முழு நாளாவது காய வேண்டும். கோலப்பொடிக்கும் திருநீற்றுக்கும் ஈரத்துணியே போதும்.

வடிகட்டிக்கு ஹெப்பா என்ற பெயர் இருப்பதற்காக ஐயாயிரம் கூடுதலாகக் கொடுப்பது சில வீடுகளில் நியாயம், சில வீடுகளில் வீண். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதே அந்தப் பெயருக்கு அமெரிக்க அளவுகோல் வைத்திருக்கும் தகுதி. ஹெப்பா மாதிரி, ஹெப்பா வகை என்று எழுதியிருந்தால் அந்த உறுதி இல்லை என்று பொருள். வடிகட்டி அசலாகவே இருந்தாலும், இயந்திரத்தின் மூட்டுகளில் காற்று கசிந்தால் தூசி அந்த வழியே வீட்டுக்குள் திரும்பிவிடும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் இந்தச் செலவைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தகைய வீட்டுக்காரர்கள் தூசி சேரும் பை இல்லாமல் டப்பா உள்ள மாடலைத் தேர்ந்தெடுப்பதுதான் எனக்கு விளங்காத புதிர். பை இல்லாத சுழற்காற்று முறையை ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து பார்த்து உருவாக்கியதும், 1993இல் தம் பெயரில் முதல் அப்ரைட்டை வெளியிட்டதும் பெரிய சாதனைகள்தாம். எனினும் அந்த டப்பாவைப் புறவாசலில் ஆடிக்காற்றில் கவிழ்க்கும்போது, பிடித்த தூசியில் பாதி நம் முகத்துக்கே வருகிறது. பைக்குச் செலவு உண்டு, ஆனால் அது மூடியபடியே குப்பைக்குப் போகும்.

இனி கணக்கு. விலைச்சீட்டை மட்டும் ஒப்பிடாமல், ஒரு தடவை பெருக்குவதற்கு என்ன செலவாகிறது என்று பாருங்கள். 32,000 ரூபாய் இயந்திரத்துக்கு ஆறு ஆண்டில் வடிகட்டி, தூரிகையைச் சுழற்றும் பெல்ட், இடையில் ஒரு பேட்டரி என்று பத்தாயிரம் சேர்த்தால் 42,000 ஆகிறது. வாரம் இரு முறை ஓட்டினால் 624 தடவை, அதாவது தடவைக்கு 67 ரூபாய். மாதம் ஒரு முறை மட்டும் எடுத்தால் 583 ரூபாய். தரையில் இழுத்துக்கொண்டு நீளக் குழாயால் உறிஞ்சும் கம்பியுள்ள உருளை வகை 7,000, அதன் உபரிச் செலவு 3,000 என்று வைத்தால், வாரம் இரு முறைக்குத் தடவைக்கு 16 ரூபாய்தான். இவை நான் உத்தேசமாகப் போட்ட எண்கள். உங்கள் கடைக்காரர் சொல்லும் எண்களை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்தாலும் வயதாகும் என்பதால், எப்போதாவது எடுப்பவருக்குக் கம்பியில்லாத வகை இரட்டை நட்டம். மின்கட்டணத்தைக் காரணம் காட்டி வாதிடுவதில் பொருளில்லை: 1,000 வாட் இயந்திரத்தை வாரம் இரு முறை அரை மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாதக் கணக்கீட்டில் ஒன்பது யூனிட்டுகூட வராது.

வாரியலோடு ஒப்பிடுகிறவர்கள் ஒரு செலவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது குனிந்து பெருக்குகிறவரின் இடுப்பு. நூறு ரூபாய் போதும் என்று சொல்கிற ஆண்கள் வீட்டைப் பெருக்கி நான் பார்த்தது குறைவு. என் அம்மாவுக்கு அந்த வாதத்தைச் சொல்ல உரிமை உண்டு, ஏனென்றால் ஐம்பது வருடம் பெருக்கியவர் அவர். ஆனாலும் வாரியலால் ஆகாத வேலைகள் இருக்கின்றன: இலவம்பஞ்சு மெத்தை, சோபா இடுக்கு, ஜமுக்காளம், சன்னல் கொசுவலை, புத்தக அலமாரி, மின்விசிறி இறக்கை. நம் வீடுகளில் வேக்குவம் கிளீனரின் மதிப்பு முழுவதும் தரையைவிட இவற்றில்தான் இருக்கிறது. கனமான தலையைத் தரையோடு வைத்துத் தள்ளும் அப்ரைட் மிகவும் தடுமாறுவதும் இவற்றில்தான். நீட்டிக்கொள்ளும் குழாய் அதோடு வருகிறதா, அந்தக் குழாய் கட்டில் உயரத்துக்கு எட்டுகிறதா என்பதைப் பார்க்காமல் அப்ரைட்டுக்கு விலை பேசக் கூடாது. முற்றத்துச் சருகுக்கும் மட்டுப்பா என்னும் மொட்டை மாடியில் விழும் வேப்பம்பூவுக்கும் ஈர்க்கு வாரியலை மிஞ்ச ஒன்றுமில்லை.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் இயந்திரம் இலவசம் என்று மகிழ்வதும் தவறாக முடியலாம். அமெரிக்க இயந்திரம் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் செருகினால் மோட்டார் கருகிவிடும், அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மரோ கனமும் விலையும் கூடியது. பிரிட்டனிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்தால் பிளக்கை மாற்றினால் போதும், ஆனால் அதற்குரிய பையும் பெல்ட்டும் இங்கே கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். உள்ளூரில் வாங்கினாலும் 1,600 வாட் இயந்திரம் ஏழு ஆம்பியர் இழுக்கும் என்பதால், சாதாரணச் சிறிய பிளக்கில் ஓட்டக் கூடாது. பழைய வீடுகளில் பவர் பிளக் அடுக்களையில் மட்டும்தான் இருக்கும். பட்டாசலுக்கு ஒன்று போட எலெக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் கூலியும் இயந்திரத்தின் விலையில் சேரும்.

கடைசியாகப் பேரம். நெல்லை வண்ணார்பேட்டைக் கடைகளில் நின்று, “அண்ணாச்சி, இன்னும் ஒரு ஐநூறு குறைச்சுத் தாங்க” என்று அரை மணி நேரம் பேசுகிற நாம், வடிகட்டி என்ன விலை, பெல்ட் கையிருப்பில் உண்டா, பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போக வேண்டுமா என்று கேட்பதில்லை. அச்சிட்ட விலையிலிருந்து நாற்பது சதவீதம் தள்ளுபடி என்பதற்கும் மயங்க வேண்டாம். இரண்டு கடைகளில் கையில் கொடுக்க வேண்டிய இறுதித் தொகையை மட்டும் ஒப்பிட்டால் போதும். கடையில் செய்து காட்டும்போது கம்பளத் துண்டில் வண்ணப்பொடியைத் தூவுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன குப்பையைக் கடையின் டைல்ஸில் தூவச் சொல்லுங்கள்.

மதினி அதைத்தான் செய்தார். வாசல் மணல் ஒரு கைப்பிடி, சீப்பில் சேர்ந்த முடி கொஞ்சம், அரிசி நாலைந்து மணி எல்லாவற்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போனார். 32,000 ரூபாய் அப்ரைட் அரிசியைக் கடைக்காரர் கால்வரை தெறிக்கவிட்டது, முடியைத் தூரிகையில் சுற்றிக்கொண்டது. கடினத் தரைக்கான வாயும் மெத்தைக்கான வாயும் சேர்ந்த உருளை வகை ஒன்றை 8,400 ரூபாய்க்கு வாங்கி, மிச்சத்தில் பட்டாசலுக்கும் மாடிக்கும் பவர் பிளக் போட்டுக்கொண்டார். அம்மா இன்னும் வாரியலால்தான் பெருக்குகிறார். ஆனால் தன் மெத்தையை மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் இயந்திரத்தால் எடுத்துத் தரச் சொல்கிறார்.