ஜெய்சால்மருக்குப் பகல் ரயிலே நல்லது

ராஜஸ்தானில், ஜோத்பூரிலிருந்து பாலைவன ஊரான ஜெய்சால்மர் சுமார் 300 கி.மீ. அறை வாடகை மிச்சம் என்று பலர் இரவு ரயிலில் போகிறார்கள். நான் பகல் ரயிலைத்தான் சொல்வேன். போகப் போக மரங்கள் குறைந்து முட்புதராகும். பொக்ரான் தாண்டினால் கல்லும் மணலும்தான், நடுவே செக்கச்சிவந்த தலைப்பாகையோடு ஆடு மேய்ப்பவர்.

ஏசி இல்லாத பெட்டியில் ஜன்னலைச் சாத்தினாலும் பொடிமணல் வந்து சீட்டிலும் பையிலும் படியும். ஈரத்துணியும், மூக்கை மூட பருத்தித் துண்டும் கட்டாயம் வேண்டும். ஜோத்பூரில் ஏறும்போதே மிர்ச்சி வடா (உருளைக்கிழங்கு மசாலா அடைத்த மிளகாய் பஜ்ஜி) வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: தயவுசெய்து ஜெய்சால்மர் கோட்டைக்குள் அறை எடுக்காதீர்கள், கீழே ஊருக்குள் தங்குங்கள். உள்ளே புழங்கும் தண்ணீர் கசிந்து கசிந்துதான், 1156-ல் எழுந்த அந்த மஞ்சள் கல் கோட்டையின் அடித்தளம் பலவீனமாகிறது.