பால் நிறமான ஆயிலை அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள்: சூடேறிய பழைய படகு இன்ஜினில் செய்யக்கூடாதவை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் சும்மா நிற்கும் விசைப்படகில் கடல்தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) மடங்கிய நிலையிலேயே காய்ந்து இறுகிவிடும். தடை முடிந்து கடலுக்குப் போனதும் அதன் இறக்கை பிய்யும், தண்ணீர் வராது, இன்ஜின் கொதிக்கும். கரைக்கு இழுத்து வந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் தண்ணீர் கலந்து பால் காபி நிறத்தில் இருக்கும். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஹெட் கேஸ்கெட் போச்சு." சிலிண்டர்களின் மூடியான ஹெட்டுக்கும் இன்ஜின் உடலுக்கும் நடுவில் இருக்கும் தகடு அது. அரை மணி நேரத்தில் சம்ப்பின் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) பிளக்கைக் கழற்றி, ஆயில் முழுவதையும் வாளியில் இறக்கி, கொண்டுபோய்க் கொட்டிவிடுவார்கள்.

என்ன நடந்தது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்த ஆயில்தான். கொட்டிவிட்டால் பிறகு எல்லாமே ஊகம். ஆறு சிலிண்டர் பழைய டீசல் இன்ஜின் ஒன்றில் நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ஹெட்டை இறக்கி, முகம் சீவி, புதுக் கேஸ்கெட் போட்டுப் பூட்டினோம். மூன்றாம் நாள் காலை டிப்ஸ்டிக்கில் மறுபடியும் அதே பால். ஓட்டை இருந்தது, ஆயிலைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஆயில் கூலரில். அந்தப் படகுக்காரர் இழந்த பணமும் நாட்களும் இன்றும் எனக்கு உறுத்தல்.

முதலில், சூடாக இருக்கும்போது செய்யக்கூடாதவை. கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பு இரும்பு ஹெட் விரிசல் விடும். தண்ணீர் டேங்க் மூடியைத் திறக்காதீர்கள். டெம்பரேச்சர் முள் திடீரென்று இறங்கினால் ஆறிவிட்டது என்றும் நம்பாதீர்கள். சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இல்லாவிட்டாலும் முள் இறங்கும்.

அடுத்தது, "ஸ்டார்ட் ஆகுதான்னு ஒருமுறை பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். எந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் பீறிடுகிறதோ, அந்த சிலிண்டர் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, ஆயிலுக்கு வருவோம். இன்ஜினை ஓட்டாமல் ஒரு ராத்திரி நிற்க விடுங்கள். கடல்தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, ஆயிலோடு கலக்காத தண்ணீர் சம்ப்பின் அடியில் தங்கும். காலையில் பிளக்கைச் சற்றே தளர்த்தி, முதலில் வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தாலும் இதைச் செய்ய வேண்டும். தண்ணீர் அடியில் கிடக்க, மேலே நல்ல ஆயில் நிற்கும் இன்ஜின்கள் உண்டு.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கடல்தண்ணீரால் டேங்க் தண்ணீரைக் குளிர்விக்கும் குழாய்ப் பெட்டி) உள்ள இன்ஜினில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது: டேங்கில் நாம் ஊற்றும் நல்ல தண்ணீர் அல்லது கூலண்ட் (குளிர்விக்கும் ரசாயனத் திரவம்), வெளியிலிருந்து வரும் கடல்தண்ணீர். ஆயிலில் புகுந்தது எது என்பதுதான் முக்கியமான கேள்வி. அதைக் கேட்காமல் ஸ்பேனரை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பாட்டிலின் அடியில் பிரிந்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, வெளியில் காற்றோட்டமான இடத்தில், பழைய கரண்டியில் சிறு தீயில் வற்ற விடுங்கள். கரண்டியில் வெள்ளையாக உப்புப் பொரிந்து நின்றால் கடல்தண்ணீர். பிசுபிசுப்பாக மிஞ்சினால் கூலண்ட். நாக்கில் வைத்து ருசி பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம், கூலண்ட் விஷம்.

உப்பு என்றால் கடல்தண்ணீர் ஓடும் பாகங்களைத்தான் தேட வேண்டும்: கடல்தண்ணீரில் குளிரும் ஆயில் கூலர், தண்ணீர் ஓடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி), கியரால் ஓடும் பம்ப்பாக இருந்தால் அதன் சீல். படகின் அடியில் தேங்கிய தண்ணீர் ஏறி, கிராங்க் தண்டின் பின்பக்க சீல் வழியாகவோ டிப்ஸ்டிக் குழாய் வழியாகவோ உள்ளே போயிருக்கலாம். அதையும் மறக்கக்கூடாது. கூலண்ட் என்றால் ஹெட் கேஸ்கெட், ஹெட் விரிசல், லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளை) அடியிலுள்ள ரப்பர் வளையங்கள். சூடேறினால் இந்த வளையங்கள் வெந்து கெட்டியாகிவிடும், பலர் அதைப் பார்ப்பதே இல்லை. சில இன்ஜின்களில் ஆயில் கூலரே கூலண்டில்தான் குளிர்கிறது, அங்கே அதுவும் இந்தப் பட்டியலில் வரும்.

ஆயில் கூலரைப் பற்றி இன்னும் ஒன்று. இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் தண்ணீரைவிட அதிகம். அதனால் ஓட்டை வழியே ஆயில்தான் முதலில் தண்ணீருக்குள் போகும். நிறுத்திய பிறகு ஆயில் அழுத்தம் விழுந்து, தண்ணீர் திரும்பி ஆயிலுக்குள் வரும். கூலண்ட் டேங்கிலோ வெளியேறும் கடல்தண்ணீரிலோ ஆயில் படலம் மிதந்து, சம்ப்பிலும் பால் இருந்தால், ஹெட்டைத் தொடுவதற்கு முன் கூலரைக் கழற்றுங்கள். ஒரு பக்கத்தை அடைத்து, அளவான காற்று கொடுத்து, வாளித் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வந்தால் வேலை அங்கேயே முடிந்தது. ஹெட் கேஸ்கெட்டின் அடையாளம் வேறு: குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே கூலண்ட் டேங்கில் குமிழி எழும், ஹோஸ் கல் மாதிரி விறைக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் வெண்ணெய் மாதிரி படிந்து, சம்ப் ஆயில் சுத்தமாக இருந்தால், அது குறைந்த நேரம் ஓட்டியதால் வேர்த்த ஈரமாக இருக்கலாம். அதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். ஆயில் பால் நிறம் ஆகாமல், அளவு மட்டும் ஏறி, நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால், பார்க்க வேண்டியது டீசல் பம்ப்பையும் இன்ஜெக்டர் லைனையும்.

ஹெட் போல்டுகளை இன்னொரு சுற்று இறுக்குவது, தண்ணீர் டேங்கில் அடைப்புப் பவுடர் போடுவது, இரண்டும் வேண்டாம். கோணிய ஹெட் இறுக்கினால் நேராகாது. பவுடர் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்களை அடைத்து, அடுத்த சூட்டுக்கு வழி செய்யும்.

மாதிரி எடுத்ததும் தாமதிக்காதீர்கள். உப்புத்தண்ணீர் கலந்த ஆயில் நின்றால் பேரிங்குகள் அரிக்கத் தொடங்கும். ஓட்டையை அடைத்தபின் புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, சுமை இல்லாமல் சற்று ஓட்டி, இறக்கி, மறுபடி மாற்றுங்கள். நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று முறை ஆகும். பழைய ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள், மினுக்கும் உலோகத் துகள் தெரிந்தால் பேரிங்கைத் திறந்தே ஆக வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலையும் உருவிப் பாருங்கள், பல படகுகளில் அதன் கூலரும் இதே கடல்தண்ணீர் வரிசையில்தான் இருக்கிறது. இறக்கிய ஆயில் துறைமுகத் தண்ணீருக்குள் போகக்கூடாது, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, பிய்ந்த இம்பெல்லரை மேஜையில் வைத்து இறக்கைகளை எண்ணுங்கள். குறைகிற துண்டுகள் எங்கும் கரைந்து போவதில்லை. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் முன்மூடியைக் கழற்றினால் குழாய் வாயில்களில் கறுப்பு ரப்பராகச் செருகி நிற்கும். எண்ணிக்கை சரியாகும்வரை மூடியைப் பூட்டாதீர்கள்.