அவெய்ரோவுக்கு அரைநாள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்ச்சுகலின் வடக்கே போர்ட்டோ நகருக்குப் போகிறவர்களில் பலர் ஓர் அரைநாளை அவெய்ரோவுக்கு ஒதுக்குகிறார்கள். கால்வாய்கள் ஓடும் சின்ன ஊர். வண்ணம் பூசிய படகுகள், முட்டையின் மஞ்சள்கருவில் செய்த இனிப்பு, பக்கத்திலேயே கோடு போட்ட மரவீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு கடற்கரை. வழிகாட்டியோடு வேனில் அழைத்துப் போய் நாலைந்து மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து விடும் பயணங்கள் ஏராளம். நல்ல பயணம்தான். ஆனாலும் போய்வந்தவர்களில் சிலர், "அழகாத்தான் இருந்துச்சு, ஆனா அவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள். அந்த ஏமாற்றம் பெரும்பாலும் வேனில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

வெனிஸைத் தேடிப் போவது

எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் 'போர்ச்சுகலின் வெனிஸ்' என்றுதான் இருக்கும். அதை நம்பிப் போவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அரண்மனைகள் இங்கே கிடையாது. ஊருக்குள் ஓடுவது ஒரு சில கால்வாய்கள். கரையோரமாக நடந்தாலே ஒரு மணி நேரத்தில் முக்கியமானவற்றைப் பார்த்துவிடலாம். வெனிஸோடு ஒப்பிட்டுக்கொண்டே நடந்தால் அவெய்ரோ ஒவ்வொரு திருப்பத்திலும் தோற்றுக்கொண்டே இருக்கும்.

இது காயலுக்குப் பிறந்த ஊர். ஊருக்கு மேற்கே, நிலத்துக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவில், நீண்ட மணல்திட்டுகளுக்குப் பின்னால் பரந்து கிடக்கிறது அந்தக் காயல். ரியா என்று அங்கே சொல்வார்கள். கால்வாய்கள் அந்தக் காயலின் விரல்கள். உப்பும் மீனும் ஏற்றுமதி செய்து செழித்திருந்த துறைமுகம் இது. 1575-ல் வீசிய கடும்புயலில் மணல் அடைத்து முகத்துவாரம் தூர்ந்தது. கப்பல் வரத்து குறைந்தது, தேங்கிய தண்ணீரால் நோய் பரவியது, மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் தடுமாறிய பிறகு, 1808-ல்தான் கடலுக்கு நிலையான புதிய வாய் திறக்கப்பட்டது. அந்த வேலைக்கு வேண்டிய கல்லுக்காக ஊரின் பழைய கோட்டைச் சுவரையே இடித்தார்கள். இன்று அவெய்ரோவில் கோட்டைச் சுவர் எங்கே என்று தேடினால் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

இந்த ஒரு கதை தெரிந்தால் போதும். படகு, உப்பு, கடற்கரை வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். வழிகாட்டி இதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

நேரக் கணக்கு போடாமல் முன்பதிவு செய்வது

போர்ட்டோவிலிருந்து அவெய்ரோ சாலை வழியே சுமார் 75 கிலோமீட்டர். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஐந்து மணி நேரப் பயணம் என்றால் அதில் இரண்டு இப்படியே போய்விடும். படகுச் சவாரி முக்கால் மணி நேரம். கோஸ்டா நோவா கடற்கரை ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அங்கே போய், படம் எடுத்து, திரும்பவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதற்குள்தான் இனிப்புக் கடை, பழைய தெருக்கள், கழிப்பறை, ஒரு காபி எல்லாமே.

அதனால் அரைநாளில் அவெய்ரோ, கோஸ்டா நோவாவோடு இன்னோர் ஊரையும் காட்டுகிறோம் என்று சொல்லும் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதில் ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதான் அதிகம் இருக்கும். லிஸ்பனில் தங்கிக்கொண்டு அரைநாளில் போய்வர நினைப்பதும் நடக்காத காரியம். தூரம் 250 கிலோமீட்டர் அளவுக்கு வரும், முழுநாள் வேண்டும்.

பணம் கட்டும் முன் பயணத்திட்டத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். படகுக் கட்டணம் சேர்ந்ததா, தனியா? கோஸ்டா நோவாவில் வண்டியை நிறுத்துகிறார்களா, மெதுவாக ஓட்டிக் காட்டிவிட்டுப் போகிறார்களா? விளக்கம் எத்தனை மொழிகளில்? ஒரே வேனில் இரண்டு மூன்று மொழிக்காரர்கள் இருந்தால், வழிகாட்டி ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வரும், உங்களுக்கான பங்கு பாதியாகும். விலையில் சின்ன வித்தியாசம்தான் என்றால் ஒரு மொழிப் பயணத்தையே எடுங்கள்.

காலையா மாலையா என்பதையும் பருவத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், மதியப் பயணத்தின் கடைசிப் பகுதி வீணாகும். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கிறது. ஆனால் கோடைப் பிற்பகல்களில் வடக்கிலிருந்து காற்று பலமாக வீசும். கடற்கரையில் தொப்பி நிற்காது, மணல் கண்ணில் அடிக்கும். ஊரில் வெயில் காய்கிறதே என்று மெல்லிய சட்டையோடு இறங்கிக் குளிரில் நடுங்குபவர்கள் அதிகம். எந்த மாதமானாலும் காற்றைத் தடுக்கும் மேல்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

படகில் ஏறியதும் செல்போனுக்குள் போய்விடுவது

மொலிசெய்ரோ என்ற இந்தப் படகை இன்று சுற்றுலாப் படகாகத்தான் பார்க்கிறோம். உண்மையில் இது உரம் சுமந்த படகு. காயலின் அடியில் வளரும் தாவரங்களை மொலிசோ என்பார்கள். அதை நீண்ட பல் வைத்த வாரிகளால் அள்ளிப் படகில் ஏற்றிக் கொண்டுபோய், கரையோர மணல் நிலங்களில் உரமாகப் போட்டார்கள். ஒன்றும் விளையாத மணல், விளைநிலமானது இப்படித்தான். ஈரத்தோடு கனக்கும் அந்தச் சுமையை அள்ளிப் போட வசதியாகவே படகின் பக்கங்கள் தண்ணீரை ஒட்டித் தாழ்வாக இருக்கின்றன. அடிப்பாகம் தட்டையாக இருப்பதும் ஆழமில்லாத காயலுக்காக. ரசாயன உரம் வந்தபிறகு அந்தத் தொழில் படிப்படியாக ஒழிந்தது. இப்போது பாய்மரமும் துழாவுகோலும் இல்லாமல் இயந்திரத்தில் ஓடுகின்றன.

படகில் கவனிக்க வேண்டியது அதன் ஓவியங்கள். வளைந்து எழும் முன்முனையின் இரண்டு பக்கமும், பின்பக்கத்தின் இரண்டு பக்கமுமாக ஒரு படகுக்கு நான்கு சித்திரங்கள். நான்கும் வேறுவேறு. சாமி படமும் இருக்கும், அரசரும் இருப்பார், வேலை செய்யும் மனிதர்களும் இருப்பார்கள், கொச்சையான நகைச்சுவையும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதியிருப்பார்கள். பலவற்றில் இரட்டை அர்த்தம், சிலவற்றில் எழுத்துப் பிழையும் உண்டு. படித்தவர் வீட்டுக் கலையாக இல்லாமல் படகுக்காரர்களின் கலையாகவே இது நின்றதற்கு அந்த வரிகளே சாட்சி. படத்தைக் காட்டி "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். நல்ல வழிகாட்டி என்றால் முகம் மலர்ந்துவிடும். குழந்தைகளோடு போகிறவர்கள் எந்தப் படகின் முன்னால் நின்று கேட்கிறோம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் படகின் ஓவியம் உங்களுக்குத் தெரியாது. ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் கரையில் நின்று, கட்டியிருக்கும் படகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும். வரிசையில் இடம் பிடிக்கும் அவசரத்தில் இதை விட்டுவிட்டால் பிறகு நேரம் கிடைக்காது. மேற்கூரை கிடையாது, வெயிலுக்கும் தூறலுக்கும் தயாராகப் போங்கள். பாலங்களுக்கு அடியில் போகும்போது உட்கார்ந்தே இருங்கள், சில பாலங்கள் தாழ்வானவை.

சவாரியில் சாவோ ரோக்கி கால்வாய் வந்தால் கரையில் இருக்கும் பழைய மர உப்புக் கிடங்குகளைக் கவனியுங்கள். மத்தியக் கால்வாயின் ஓரத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கட்டடங்கள் நிற்கின்றன. பூவும் கொடியுமாக வளைந்த இரும்பு வேலைப்பாடு, பூப்போட்ட ஓடுகள். ஆர்ட் நூவோ என்று இந்தக் கலைபாணியைச் சொல்வார்கள். அவற்றில் மேஜர் பெஸ்சோவா வீடு இப்போது அந்தக் கலைபாணிக்கான அருங்காட்சியகமாக இருக்கிறது.

உப்பளம் பயணத்தில் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வது

விளம்பரப் படத்தில் உப்புக் குவியல் இருக்கும், பயணத்தில் இருக்காது. உப்பளங்கள் ஊரின் விளிம்பில் இருக்கின்றன. பல அரைநாள் பயணங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. தவிர, உப்பு வாருவது கோடையில்தான். குளிர்காலத்தில் போனால் பாத்திகள் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். உப்பு பார்க்கத்தான் ஆசை என்றால் ஜூலை முதல் செப்டம்பருக்குள் போங்கள், நிறுத்தம் உண்டா என்று முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். ட்ரொன்கல்யாடா என்ற உப்பளம் அருங்காட்சியகம்போலத் திறந்தே இருக்கிறது, தனியாகப் போகிறவர்கள் நடந்தே போய்விடலாம்.

இனிப்பை நினைவுப்பொருளாக மட்டும் வாங்குவது

ஓவோஸ் மோலெஸ் என்ற இனிப்பில் இருப்பது முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரையும்தான். கெட்டியான அந்தப் பாகை, தேவாலயத்தில் நற்கருணைக்குக் கொடுக்கும் அப்பத்தைப் போன்ற மெல்லிய மாவு ஓட்டுக்குள் அடைத்து, சிப்பி, மீன், சங்கு, மரப்பீப்பாய் வடிவங்களில் வெட்டுகிறார்கள். மடங்களில் கன்னியாஸ்திரிகள் செய்யத் தொடங்கியது. வெள்ளைக்கரு துணிக்குக் கஞ்சி போடப் போனது, மிஞ்சிய மஞ்சள்கரு இனிப்பானது என்று சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் இது, பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கடும் இனிப்பு. எடுத்த எடுப்பில் பெரிய பெட்டி வாங்காமல், கடையில் ஒன்றிரண்டை மட்டும் வாங்கிக் கசப்பான காபியோடு சாப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் வேண்டுமானால் பெட்டி. ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும், சில நாள் போனால் ஓடு பதம் மாறிவிடும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு இது ஆகாது. மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டும் பயணம் என்றால் சைவக்காரர்கள் கையில் ஏதாவது வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் பக்கத்துக் கடைகளில் மீன், விலாங்கு, உப்புக் கருவாடாக வரும் காட் மீன் ஆகியவைதான் முதலிடம்.

கோஸ்டா நோவாவில் கடலைப் பார்க்காமல் திரும்புவது

கேட்டால் விசித்திரமாக இருக்கும், ஆனால் பலருக்கு இப்படித்தான் ஆகிறது. கோடு போட்ட அந்த வீடுகள் காயலைப் பார்த்தபடி நிற்கின்றன. கடல் பின்பக்கம், சில நிமிட நடையில், மணல்மேடுகளுக்கு அப்பால் இருக்கிறது. வீடுகளோடு படம் எடுப்பதிலேயே நேரம் தீர்ந்துவிட்டால் அட்லாண்டிக்கைப் பார்க்காமலே வேனில் ஏற வேண்டியதுதான். இறங்கியதும் முதலில் கடல் பக்கம் போய்விட்டு, வீடுகளுக்குத் திரும்பி வாருங்கள்.

முகத்துவாரம் திறந்தபிறகு இந்தக் கரைக்கு வந்த மீனவர்கள் வலையும் மீனும் வைக்கப் போட்ட மரக் கொட்டகைகள் இவை. பிறகு கோடையில் கடல்குளிக்க வந்தவர்கள் வீடாக மாற்றினார்கள், சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் பட்டைகள் வந்தன. இன்றும் இவற்றில் ஆட்கள் இருக்கிறார்கள். திண்ணையில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பதும், ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பதும் செய்யக்கூடாத வேலை. இதைச் சொல்லவேண்டி இருப்பதே வருத்தம்தான்.

பக்கத்து பார்ரா கடற்கரையில் 62 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் தெரியும். 1893-ல் ஏற்றப்பட்டது, போர்ச்சுகலிலேயே உயரமானது. அரைநாளில் ஏற நேரம் இருக்காது, தூரத்தில் இருந்து பார்த்தால் போதும்.

வழிகாட்டி கட்டாயம் என்று நினைப்பது

போர்ட்டோவின் சாவோ பென்டோ நிலையத்திலிருந்து அவெய்ரோவுக்கு நேராகவே ரயில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். போய் இறங்கினால் 1916-ஆம் ஆண்டின் பழைய நிலையக் கட்டடம், சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமான ஓட்டுச் சித்திரங்களோடு வரவேற்கும். வேனில் போகிறவர்களுக்கு இது கிடைக்காது. அங்கிருந்து கால்வாய்க்கு நேர்ச்சாலை, 15 அல்லது 20 நிமிட நடை. நடக்க முடிந்தவர்கள், நேரம் இருப்பவர்கள் இப்படிப் போவதே மேல். வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கும், கோஸ்டா நோவாவையும் ஒரே மூச்சில் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் வேன்தான் சரி.

இரண்டையும் சேர்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. காலைப் பயணத்தில் போய், திரும்பும் நேரத்தில் ஊரிலேயே நின்றுவிட்டு, மாலை ரயிலில் போர்ட்டோ வருவது. சாந்தா ஜோவானா அருங்காட்சியகத்தைப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். ஐந்தாம் அபோன்சோ மன்னரின் மகள் ஜோவானா, அப்போது மடமாக இருந்த இந்தக் கட்டடத்துக்கு 1472-ல் வந்து, 1490-ல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். நிறநிறமான சலவைக்கல் பதித்த அவருடைய கல்லறையும், தங்கத்தகடு போர்த்திய தேவாலயமும் அரைநாள் பயணத்தில் அடங்காதவை. திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற நாள் பாருங்கள். நின்றுவிடப் போவதைக் காலையில் வேனில் ஏறும்போதே வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தலை எண்ணி ஆள் குறைகிறதே என்று மற்றவர்கள் எல்லாரும் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.