த்ரீடி மாடலிலிருந்து சுத்தமான கோட்டுப்படம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேசர் கட்டிங்குக்கு ஃபைல் கொடுத்தால் முதல் கேள்வியே, "சார், டபுள் லைன் இல்லையே?" ஒரே கோடு இரண்டு முறை இருந்தால் மெஷினும் இரண்டு முறை வெட்டும், தகடு கருகும்.

ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் வேண்டிய பக்கம் மாடலைத் திருப்பி, ஃப்ளாட்ஷாட் என்று டைப் செய்யுங்கள். தெரிகிற காட்சியைத் தட்டையான கோட்டுப்படமாக்கும் கட்டளை இது (சுருக்கப் பதிப்பான எல்டியில் கிடையாது). மறைந்த கோடுகள் பகுதியில் 'ஷோ' டிக்கை எடுத்துவிடுங்கள். துளைகள் உள்ளே எப்படிப் போகின்றன என்று காட்ட வேண்டுமானால் மட்டும் அதை வைத்து, ஹிடன் லைன்டைப் (விட்டுவிட்டு வரும் கோடு) கொடுங்கள்.

படம் எங்கே என்று தேடாதீர்கள். யூசிஎஸ்ஸின் (அப்போது பயன்பாட்டில் உள்ள அச்சுகளின்) எக்ஸ்ஒய் தளத்தில் படுத்திருக்கும். டாப் வியூவில் தெரியும். நான் இதற்கே அரை நாள் தொலைத்தேன்! படம் ஒரே தொகுப்பாக, அதாவது பிளாக்காக வரும். பிறகு அந்த பிளாக்கை எக்ஸ்ப்ளோட் செய்து (தனித்தனிக் கோடுகளாகப் பிரித்து), ஓவர்கில் கட்டளையை ஓட்டினால் இரட்டைக் கோடுகள் போய்விடும்.

மாடலைப் பிறகு மாற்றினால் படம் தானாக மாறாது. மறுபடி எடுக்க வேண்டியதுதான்.