அமெரிக்க ராணுவக் கிடங்குக்குப் போகும் பெட்டியில் ஆர்.எஃப்.ஐ.டி. லேபிள்: பினாங்கு சப்ளையர்களுக்கான செய்முறை

பாயான் லெப்பாஸிலோ பிறையிலோ தயாராகும் ஒரு பாகம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விநியோகக் கிடங்குக்கு நேராகப் போகிறது என்றால், பெட்டியில் ஒட்டும் லேபிள் வெறும் முகவரிச் சீட்டு இல்லை. அதற்குள் ரேடியோ அலையில் படிக்கும் ஒரு சில்லு, சில்லுக்குள் ஓர் எண். ஆர்.எஃப்.ஐ.டி. டேக் என்பது இதைத்தான். பெட்டி கிடங்கு வாசலைத் தாண்டும்போது ரீடர் அந்த எண்ணைப் படிக்கும். லாரி கிளம்புவதற்கு முன்பே நீங்கள் அனுப்பிய பட்டியலில் அதே எண் இருக்கவேண்டும். வேலை முழுக்க இவ்வளவுதான். சில்லு கெட்டுப்போய் மாட்டிக்கொள்கிறவர்கள் குறைவு. எண் தப்பாகி மாட்டிக்கொள்கிறவர்களே அதிகம்.

முதலில் ஒப்பந்தத்தைத் திறந்து டி.எஃப்.ஏ.ஆர்.எஸ். (அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கொள்முதல் விதித்தொகுப்பு) 252.211-7006 என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம். யாரோ சொன்னார்கள் என்று டேக் ஒட்டிக் காசைக் கரைக்காதீர்கள். இருந்தால் இரண்டு கேள்வி: சரக்கு எந்த வகை, போகும் இடம் எது. பொட்டலமிட்ட ராணுவ உணவு, உடை, கூடாரம், கைக்கருவி, டின்னில் அடைத்த எண்ணெய், கிரீஸ், கட்டுமானப் பொருள், உதிரிபாகம் ஆகியவை வரம்புக்குள் வரும். மருத்துவப் பொருள்களும் வரும், ஆனால் மருந்து, உயிரியல் பொருள், பரிசோதனை ரசாயனம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. டேங்கரில் போகும் மொத்தச் சரக்குக்கும் டேக் கிடையாது. பினாங்கிலிருந்து உதிரிபாகம் அனுப்புகிறவர்கள் அநேகமாக மாட்டிக்கொள்வார்கள்.

இதோடு இன்னொன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒன்று 5,000 அமெரிக்க டாலரோ அதற்கு மேலோ விலையுள்ள பொருளின் உடம்பிலேயே டேட்டா மேட்ரிக்ஸ் சதுரக் குறி போடுவதற்கு உரிய ராணுவத் தரநிலை மில்-எஸ்.டி.டி-130, அது வேறு கணக்கு. பெட்டிக்கும், பெட்டிகளை அடுக்கும் பாலட்டுக்கும் உரியது மில்-எஸ்.டி.டி-129.

யாருடைய எண்?

ஒப்பந்தம் உங்கள் பெயரிலேயே இருந்தால் எண் உங்களுடையது. நீங்கள் துணைச் சப்ளையராக இருந்து, தலைமை ஒப்பந்ததாரருக்காக நேராகக் கிடங்குக்கு அனுப்பினால், எந்த இரண்டு டேக்கிலும் ஒரே எண் வராமல் பார்க்கும் பொறுப்பு அவருடையது. அதனால் டேக் வாங்கும் முன்பே அவரிடம் எழுத்தில் கேளுங்கள்: யாருடைய கேஜ் குறியீட்டை (சப்ளையர் நிறுவனத்தைக் காட்டும் ஐந்தெழுத்து அடையாளம்) போடுவது, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை எங்களுக்கு? ‘ஒன்றிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளுங்கள்’ என்று ஃபோனில் சொன்னால் நம்பாதீர்கள். அவருடைய வேறு மூன்று சப்ளையர்களுக்கும் அதையே சொல்லியிருப்பார்.

எண்ணை அமைக்க இரண்டு வழி உண்டு. பார்கோடு எண் வழங்கும் ஜி.எஸ்.1 மலேசியா அமைப்பில் உறுப்பினராக இருந்து, 955 என்று தொடங்கும் பார்கோடு எண் கையில் இருந்தால் அதை வைத்தே அமைக்கலாம். இல்லையென்றால் பாதுகாப்புத் துறையின் சொந்த 96 பிட் அமைப்பு. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிறுவனம் என்பதால் உங்களுக்கு இருப்பது கேஜுக்கு ஈடான என்கேஜ் குறியீடு, அதுவும் ஐந்து எழுத்துதான். ராணுவ ஏற்றுமதிக்கு மட்டுமே டேக் ஒட்டுகிறவர்களுக்கு இரண்டாவது வழியே நல்லது. நிரப்பவேண்டிய கட்டங்கள் குறைவு, தப்புக்கும் இடம் குறைவு.

அந்த 96 பிட் நான்கு துண்டாகப் பிரியும். முதல் 8 பிட் தலைப்பு, எப்போதும் ஹெக்ஸில் (பதினாறடிமான எண்முறை) 2எஃப். அடுத்த 4 பிட் எந்த மட்டம் என்று சொல்லும்: பாலட்டுக்கு 0, பெட்டிக்கு 1, தனிப் பொருளுக்கு 2. அடுத்த 48 பிட்டில் கேஜ் குறியீடு. ஐந்து எழுத்துக்கு முன்னால் ஓர் இடைவெளி சேர்த்து ஆறாக்கி, ஒவ்வொன்றையும் ஆஸ்கி மதிப்பில் (எழுத்துக்குக் கணினி தரும் எண்) எழுதவேண்டும். கடைசி 36 பிட் வரிசை எண். அதில் 68,719,476,735 வரை போகலாம், எண் தீர்ந்துவிடும் என்ற கவலை வேண்டாம்.

மாதிரிக்கு, குறியீடு 12345 என்று வைத்துக்கொள்வோம். 25ஆம் பெட்டியின் டேக் இப்படி வரும்:

2எஃப் 1 203132333435 000000019

சேர்த்து எண்ணினால் 24 ஹெக்ஸ் இலக்கம். 20 என்பது அந்த இடைவெளி, 31 என்பது ‘1’, 32 என்பது ‘2’. கடைசியில் 25 இருக்கவேண்டிய இடத்தில் 19 இருக்கிறதே என்று பதறவேண்டாம். பத்தடிமான 25தான் ஹெக்ஸில் 19. வழுக்கும் இடம் சரியாக இதுதான். லேபிள் மென்பொருள் தானாக மாற்றிக்கொள்ளும். ஒரு லேபிள் கிழிந்துபோய், ஆள் கையால் 000000025 என்று தட்டினால், சில்லில் ஏறுவது 37. அடுத்த பத்து நிமிடத்தில் மென்பொருள் உண்மையான 37ஆம் பெட்டிக்கு அதே எண்ணை எழுதும். ஒரே அனுப்புதலில் இரட்டை எண். ஆகவே கையால் தட்டும் வழியையே மூடிவிடுங்கள்.

குறியீட்டில் சுழியம் இருந்தால் இன்னொரு கண்ணி. சுழியம் 30, ஆங்கில எழுத்து ‘ஓ’ வேறு மதிப்பு. கேஜ் குறியீட்டில் ‘ஐ’யும் ‘ஓ’வும் வராது என்பதை நினைவில் வைத்தால் இந்தப் பிழையை உடனே பிடிக்கலாம்.

டேக் வாங்குவதும் அச்சடிப்பதும்

கேட்கவேண்டியது யு.எச்.எஃப். ஜென் 2 பாஸிவ் (பேட்டரி இல்லாத) டேக், 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் முழுவதும் வேலை செய்வது, ஐ.எஸ்.ஓ. 18000-63. அணுகல் அட்டை, டச் அண்ட் கோ அட்டையில் இருக்கும் வகை இதற்கு உதவாது. சில டேக்குகளில் எண்ணுக்கு 128 பிட் இடம் இருக்கும். 96 எழுதினாலும் நீளத்தைக் குறிக்கும் பகுதியை மென்பொருள் மாற்றாவிட்டால், ரீடரில் 24க்குப் பதில் 32 இலக்கம் வந்து நிற்கும். அந்தப் பகுதி 4000 என்றிருந்தால் 3000 ஆக்கவேண்டும். 96 பிட்டுக்கு உரிய மதிப்பு அதுதான்.

ராணுவ அனுப்புதல் லேபிள் வழக்கமாக 4க்கு 6 அங்குலம். டேக்கை அதற்குள்ளேயே வைத்துச் செய்த ரோலும் கிடைக்கும், தனி டேக்காக ஒட்டவும் செய்யலாம். ஒரே லேபிளாக இருந்தால் சில்லு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ரோலைத் தடவிப் பாருங்கள், சின்னப் புடைப்பாகத் தட்டுப்படும். அந்த இடத்தில் பார்கோடு வரக்கூடாது; அச்சுத் தலை புடைப்பில் ஏறி இறங்கும்போது கோடு விட்டுப்போகும். லேபிளின் இரண்டு வகைப் பார்கோடுகளான கோட் 39 கோடுகளும் பி.டி.எஃப்.417 கட்டமும் சில்லைத் தவிர்த்து நிற்கும்படி வடிவமைத்துக்கொள்ளுங்கள்.

ரோல் மாற்றும்போதெல்லாம் பிரிண்டரில் ஆர்.எஃப்.ஐ.டி. அளவீட்டை மறுபடி ஓட்டவேண்டும். ஓட்டாவிட்டால் பிரிண்டர் பக்கத்து லேபிளின் சில்லில் எழுதிவிடும்: அச்சில் ஓர் எண், உள்ளே வேறோர் எண்.

எழுதிச் சரிபார்க்கும்போது தோற்றால் பிரிண்டர் அந்த லேபிளில் ‘வாய்டு’ என்று அடித்துவிட்டு, அதே எண்ணை அடுத்த லேபிளில் எழுதும். வாய்டு ஆன லேபிளில் எண் ஏறாமல் போயிருக்கலாம், ஏறியும் இருக்கலாம். அதைச் சுருட்டி மேசையில் போட்டால் பக்கத்தில் நிற்கும் பெட்டியோடு சேர்ந்து படிக்கும். சில்லின் குறுக்கே கத்தரியால் வெட்டிக் குப்பையில் போடுங்கள். பார்கோடு மங்கல் என்று மறுபடி அச்சடித்துப் பழைய லேபிளின் மேலேயே ஒட்டுவதும் இதே ரகம்தான். பழையதை உரித்து எடுத்த பிறகே புதியதை ஒட்டவேண்டும்.

எங்கே ஒட்டுவது

பெட்டியில்: அடையாள விவரம் அச்சிட்ட பக்கத்தில், செங்குத்து முகத்தில், நடுவுக்கு வலப்புறம். எல்லா விளிம்பிலிருந்தும் 5 செ.மீ. விட்டிருக்கவேண்டும். வேறொரு டேக் இருந்தால் அதிலிருந்து 10 செ.மீ. பெட்டி மூடும் இணைப்பின் மேல் ஒட்டக்கூடாது. படிப்பதற்கு இடைஞ்சலாக டேப்போ பட்டையோ மேலே ஓடக்கூடாது.

பாலட்டில்: அடிப்பாகத்திலிருந்து 0.8 முதல் 1.2 மீட்டர் உயரத்துக்குள், வலப்புறத்தில். பாலட் ஒரு மீட்டருக்கும் குட்டையானால் முடிந்த அளவு மேலே, ஆனால் உச்சியிலிருந்து 5 செ.மீ. விட்டு. பாலட்டின் எண் அதன் மேலுள்ள எந்தப் பெட்டியின் எண்ணும் இல்லை. அது தனி எண். டேக் ஸ்ட்ரெட்ச் ஃபிலிமுக்கு வெளியே வரட்டும். பிசுபிசுத்த ஃபிலிமில் லேபிள் நிற்காவிட்டால் ஓர் அட்டையில் ஒட்டி அதைப் பட்டையில் மாட்டுங்கள். மரப் பாலட்டில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை (மரத்தில் பூச்சி நீக்கியதற்கான அடையாளம்) இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். டேக் பிரமாதமாகப் படித்தும் பாலட் துறைமுகத்தில் நிற்பதில் என்ன லாபம்?

உலோகமும் ஈரமும்

இந்த அலையை உலோகம் திருப்பியடிக்கும், தண்ணீர் குடித்துவிடும். இரும்பு உதிரிபாகம் நெளி அட்டையை ஒட்டி இருந்தால், அதன் மறுபுறம் உள்ள டேக் ஊமை. உள்ளே பாகத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையில் ஃபோம் வைத்து விலக்கினாலே பல பெட்டிகள் பேச ஆரம்பித்துவிடும். இடமே இல்லையென்றால் உலோகத்தின் மேல் ஒட்டவென்று செய்த டேக் வாங்குங்கள், விலை பல மடங்கு. அலுமினியப் படலம் சேர்த்த ஈரத்தடுப்புப் பையின் மேல் சாதாரண டேக்கை நேராக ஒட்டினால் சுத்தமாகப் படிக்காது. வெளிப்பெட்டியிலும் அந்தப் பை சுவரை ஒட்டாத பக்கம் பார்த்து ஒட்டவேண்டும்.

பினாங்குக்கென்று ஒரு தொல்லை: காற்றில் ஈரம். திறந்த லோடிங் பேயில் இரவு முழுக்க நின்ற அட்டைப்பெட்டி நீரை இழுத்து வைத்திருக்கும். குளிர்சாதன அறையில் இரண்டு மீட்டரில் படித்த அதே டேக் காலையில் ஒரு மீட்டரில் திணறும். மழைச் சாரல் பட்ட பெட்டியைச் சோதித்து ‘டேக் கெட்டது’ என்று முடிவு கட்டாதீர்கள், காயவிட்டு மறுபடி பாருங்கள்.

ரீடர்: இங்கே ஒரு சட்டம், அங்கே ஒரு சட்டம்

மலேசியாவில் இந்த ரீடருக்கான அலைவரிசை 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 902 முதல் 928. டேக் இரண்டிலும் பதில் சொல்லும், அதனால் டேக்கில் மாற்றம் எதுவும் வேண்டாம். ஆனால் ‘அமெரிக்காவுக்குத்தானே போகிறது’ என்று ரீடரை அமெரிக்க மண்டலத்துக்கு மாற்றிவைப்பது இங்கே சட்டவிரோதம். கைத்தொலைபேசி அலைவரிசைக்குள் கால் வைக்கிறீர்கள். சிரிம் லேபிள் (மலேசியத் தரச் சான்று) உள்ள ரீடரை வாங்கி மலேசிய மண்டலத்திலேயே வையுங்கள். இணையத்தில் மலிவாக வரவழைத்த கருவி எந்த மண்டலத்தில் பூட்டப்பட்டிருக்கிறது என்பதை அமைப்புப் பக்கத்தில் திறந்து பாருங்கள்.

சோதிக்கும்போது பெட்டியைக் குவியலிலிருந்து விலக்கித் தனியாக வையுங்கள். ரீடர் சக்தியைக் குறைத்து, ஒரு மீட்டர் தூரத்தில் பிடித்துப் படியுங்கள். முழுச் சக்தியில் படித்தால் பின்னால் நிற்கும் பாலட்டின் டேக் பதில் சொல்லும், நீங்களும் திருப்தியாக ‘சரி’ போட்டுவிடுவீர்கள். திரையில் வரும் 24 இலக்கத்தைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பீப் சத்தம் மட்டும் போதாது.

முன்னறிவிப்பு

டபிள்யூ.ஏ.டபிள்யூ.எஃப். என்ற பாதுகாப்புத் துறை இணையத் தளத்தில் ஏற்றும் அனுப்புதல் அறிவிப்பில் ஒவ்வொரு டேக் எண்ணும், எந்தப் பெட்டி எந்தப் பாலட்டில் என்ற விவரமும் போகவேண்டும். சரக்கு நகரும் முன் அது போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். அச்சடித்த பட்டியலை ஏற்றாதீர்கள். ரீடர் படித்த பட்டியலை ஏற்றுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அது இங்கேயே தெரிந்துவிடும். எக்ஸெல் வழியாகக் கொண்டுபோனால் அந்த நிரலை முதலிலேயே எழுத்து வடிவமாக அமையுங்கள். முழுக்க இலக்கமாக இருக்கும் துண்டுகளை அது எண்ணாக எடுத்து, முன்னால் உள்ள சுழியங்களை விழுங்கிவிடும்.

ஏற்றுமதிக்கான மலேசியச் சுங்கத்துறை கே2 படிவமும், பொருள் 2010ஆம் ஆண்டு வியூக வணிகச் சட்டப் பட்டியலில் வந்தால் அதற்கான அனுமதியும் தனி. டேக் வேலை முடிந்தது என்று அவற்றை மறக்கவேண்டாம்.

அறிவிப்பு ஏறிய பிறகு ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் முகவர்) கிடங்கில் பாலட்டைப் பிரித்து, விமானத்தில் இடமில்லை என்று இரண்டாக்குவது அடிக்கடி நடக்கும். அப்படிச் செய்தால் நீங்கள் அனுப்பிய பட்டியல் பொய்யாகிவிடும், புதிய பாலட்டுக்கு டேக்கும் இருக்காது. எனவே பதிவு உத்தரவிலேயே ‘எங்களைக் கேட்காமல் பிரிக்கக்கூடாது’ என்று எழுதிவிடுங்கள். பிரித்தே ஆகவேண்டும் என்றால் புதிய பாலட் எண்ணோடு ஆள் அங்கே போய் டேக் ஒட்டிப் படித்து, அறிவிப்பைத் திருத்திய பிறகே சரக்கு ஏறட்டும்.