ஒரு குறளை அலகிட்டுப் படிப்போம்

யாப்பு (செய்யுள் இலக்கணம்) என்றாலே மிரள்கிறவர்கள் குறளில் தொடங்கலாம். இரண்டே அடி. பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதல் குறளை (1151) எடுத்து அலகிடுவோம், அதாவது சீராகவும் அசையாகவும் பிரித்துப் பார்ப்போம்.

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை.

1. வாய்விட்டுப் படியுங்கள். முதலடியில் 4 சீர் (ஓசைத் துண்டு), அடுத்ததில் 3. எனவே குறள் வெண்பா. ‘வாழ்வார்க்கு உரை’தான் ஓசைக்காக ‘வாழ்வார்க் குரை’ என்று பிரிந்து நிற்கிறது. அலகிடும்போது சொல்லை மறந்து சீரைப் பாருங்கள்.

2. ஒவ்வொரு சீரையும் அசைகளாக, அதாவது அதன் சிறு ஓசைக் கூறுகளாகப் பிரியுங்கள். குறிலோ நெடிலோ தனித்து வந்தால் நேர். இரு குறில், அல்லது குறிலை அடுத்து நெடில் இணைந்து வந்தால் நிரை. பின்னால் வரும் ஒற்று அந்த அசையோடு சேர்ந்துகொள்ளும். கீழே வரும் தேமா, கூவிளம் போன்றவை அசை வரிசைகளை நினைவில் வைக்க உதவும் வாய்பாட்டுப் பெயர்கள்.

செல்/லா/மை – நேர் நேர் நேர் – தேமாங்காய்
உண்/டேல் – நேர் நேர் – தேமா
எனக்/குரை – நிரை நிரை – கருவிளம்
மற்/றுநின் – நேர் நிரை – கூவிளம்
வல்/வர/வு – நேர் நிரை நேர் – கூவிளங்காய்
வாழ்/வார்க் – நேர் நேர் – தேமா
குரை – நிரை – மலர்

3. தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறையைப் பாருங்கள். வாய்பாடு ‘மா’ என்று முடிந்தால் அதன் பின் நிரை, ‘விளம்’, ‘காய்’ என்று முடிந்தால் பின் நேர் வந்தால், அது வெண்பாவுக்கு உரிய வெண்டளை. முதலடியின் கடைசிச் சீரையும் அடுத்த அடியின் முதல் சீரையும் சேர்த்துப் பார்க்கப் பலர் விட்டுவிடுவார்கள். ‘மற்றுநின்’ விளம், ‘வல்’ நேர், சரியாக இருக்கிறது.

4. தொடை (ஓசை ஒத்து வருவது): செல்–வல் எதுகை (இரண்டாம் எழுத்து ஒன்றுவது), வல்வரவு–வாழ்வார் மோனை (முதலெழுத்து ஒன்றுவது).

5. இனி உணர்ச்சி. முதலில் பேசுவது யார் என்று கேளுங்கள். விரைவில் வருவேன் என்று கிளம்பும் தலைவனிடம் தோழி சொல்வதாகப் பரிமேலழகர் உரை. தலைவியே பேசுவதாகவும் கொள்வதுண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும். ‘போகவில்லை என்றால் என்னிடம் சொல். சீக்கிரம் திரும்பிவிடுவேன் என்ற கதையை, அப்போது உயிரோடு இருப்பவர்களிடம் சொல்.’ சாவு என்ற சொல்லே இல்லை. ‘வாழ்வார்’ என்ற ஒரு சொல் அதைச் சொல்லிவிடுகிறது.

அதிகாரத் தலைப்பைப் பார்த்ததும் எட்டு மெய்ப்பாட்டில் (வெளிப்படும் உணர்ச்சி வகைகளில்) அழுகை என்று எழுதிவிடத் தோன்றும். அவசரம் வேண்டாம். ‘உரை’, ‘உரை’ என்று இரண்டு ஏவல். கெஞ்சல் எங்கும் இல்லை. மேலே தெரிவது வெகுளி, அழுகை அதற்கு அடியில். குறட்பா எல்லாமே குறுகிய சீரில்தான் முடியும் என்றாலும், இங்கே அந்த இடத்தில் வந்து விழுவது ஏவல் வினை. பேச்சு வெடுக்கென்று நிற்கிறது. தலைவன் பதில் சொல்ல இடமே இல்லை.